இடதுபக்கப் பாதை

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் ஃபரங்கீஸுக்கு உலகத்து மலைகள் எல்லாம் அத்துப்படி. ஆண்டீஸ் தொடரைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவாள். அதில் ஒன்றிலாவது ஏறியிருக்கிறாளா என்று மட்டும் கேட்கக்கூடாது. அந்தத் தூரத்து மலைகள் கிடக்கட்டும், சமையலறை ஜன்னலைத் திறந்தால் மூக்கில் இடிக்கிற மலையிலேயே அவள் ஏறியதில்லை.

தெஹ்ரானின் வடக்கு விளிம்பில், தரக்கே ஓடைக்கு நாலு தெரு இந்தப் பக்கம் அவள் வீடு. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் ஊரில் பாதிப் பேர் முதுகில் பையும் கையில் தடியுமாக அவள் வாசலைத் தாண்டித்தான் மலைக்குப் போவார்கள். அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். முட்டிவலி, விடைத்தாள், விருந்தாளி என்று ஏதோ ஒரு சாக்கு எப்போதும் கைவசம் இருக்கும்.

மகள் ஆவீஷன் அம்மாவுக்கு நேர் எதிர். வாரம் தவறாமல் ஏறுவாள். ஏறிய இடத்தில்தான் கம்யாரையும் பிடித்தாள். இவளுக்கு மலையே மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்துவிட்டது என்று தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த மாப்பிள்ளைக்குச் சொந்த ஊரான ஹமதானில் கல்லூரி வேலை கிடைத்ததும் ஃபரங்கீஸுக்கு வேடிக்கை போய்விட்டது. கணவனைப் பிரிந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்பது இந்த ஒரே பெண். அவளும் அஞ்சு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு பேசுவது, குளிர்சாதனப் பெட்டியோடா?

நியாயமாக அவள் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு இது பிடிக்கவில்லை என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு மனதில் இருப்பதை நேராகச் சொல்வது சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போவது மாதிரி. அதற்குத்தான் தாரூஃப் என்கிற உபசாரம் இருக்கிறது. வாசலில் நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று கால் மணி நேரம் நிற்போம். டாக்ஸிக்காரர் காசே வேண்டாம் என்பார், வாங்காமல் விடவும் மாட்டார். பசி உயிர் போனாலும் மூன்று தடவை மறுத்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்போம். கம்யாரின் அம்மா தூபா ஹமதானிலிருந்து ஃபோன் செய்து, என் வீட்டு மாடி காலியாகத்தானே கிடக்கிறது, பிள்ளைகள் வந்து இருக்கட்டும், வீடு நிறையட்டும் என்றபோதெல்லாம் ஃபரங்கீஸ் ஆகா, என் பெண் கொடுத்துவைத்தவள் என்று தேன் ஒழுகச் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு அழுதாள். அப்புறம் ஏதாவது காரணம் காட்டிக் கல்யாணத் தேதியைத் தள்ளிப்போட்டாள்.

முதல் தடவை தள்ளியபோது தூபா சிரித்தாள். மூன்றாவது தடவை, ஒரு வியாழக்கிழமை, பேருந்தேறி நேரே வந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலப் பேருந்தில் அவள் திரும்பும்போது கையில் ஒரு முடிவு இருந்தாக வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டு பேரையும் மலைக்கு அனுப்பும் யோசனை ஆவீஷனுடையது.

"வீட்டுல உக்காந்தா நீங்க ரெண்டு பேரும் டீயைக் குடுத்துக் குடுத்தே பொழுதைப் போக்கிடுவீங்க. ஏறும்போது மூச்சு வாங்கும்மா. தாரூஃப் பண்ண மூச்சு மிச்சமிருக்காது" என்றாள்.

அவளும் கம்யாரும் விடியுமுன் கிளம்பி உச்சிப்பக்கம் போய்விட்டு வருவார்களாம். அம்மாக்கள் நிதானமாக நடந்து, பாலம் தாண்டி இரண்டாவது தேநீர்க் கடையில், நீலத் தார்ப்பாய் போட்ட கடையில், மதியம் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டுமாம். பெரிய பாதைதான், குழந்தைகூடப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபரங்கீஸ் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும், முதல் கோப்பைத் தேநீரிலேயே, முடியாது என்று சொல்லிவிடுவது. என் பெண்ணை அனுப்ப மாட்டேன். கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

தூபா குள்ளமாக, உருண்டையாக, கையில் பெரிய துணிப்பையோடு மலைக்குக் கிளம்பினாள். அவள் ஊர் அல்வந்து மலையின் காலடியில் இருக்கிறது. அங்கே பிறந்தவள் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவாள் என்று ஃபரங்கீஸ் நினைத்துக்கொண்டாள். தூபாவோ, மலையடிவாரத்தில் வீடு, மலையேறுகிற மகள், போதாததற்குப் பூகோள டீச்சர், இவளுக்குத் தெரியாத வழியா என்று நினைத்தாள். இரண்டு பேரும் நினைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வசந்தம் பாதி கடந்திருந்தது. ஓடை உருகிய பனியோடு நுரைத்துக்கொண்டு ஓடியது. வழிநெடுக உப்புப் போட்ட பச்சைப் புளிப்புப் பிளம் விற்றார்கள். எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லோரும், முன்பின் தெரியாதவர்கள்கூட, "களைப்பு இல்லாம இருங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அது மலையில் வழக்கம். ஃபரங்கீஸ் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள். கீழே அவள் தெருவில் இதே ஆட்கள் காரை நிறுத்த இடம் இல்லையென்றால் அடித்துக்கொள்வார்கள்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் அகலமாக, கூட்டமாகப் போயிற்று. இடது பக்கம் ஒல்லியாக, ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

ஃபரங்கீஸ் நின்று, நீங்கள் முன்னால் போங்கள் என்றாள். தூபா, ஐயோ, உங்கள் ஊரில் நான் முன்னால் போவதா என்றாள். நீங்கள் விருந்தாளி என்றாள் இவள். நீங்கள் மூத்தவர் என்றாள் அவள். இந்த இடத்தில் ஃபரங்கீஸின் முகம் லேசாக மாறியது. மூப்பு ஏழு மாதம்தான். பின்னால் ஒரு கோவேறு கழுதை மூட்டைகளோடு வந்து, இவர்கள் வழிவிடுவதற்காகக் காத்து, பொறுமை இழந்து ஃபரங்கீஸின் முழங்கையை முட்டியது. அந்த நேரத்தில் தூபா இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தெரிந்தவள் பார்க்கிறாள் என்று எண்ணி ஃபரங்கீஸ் இடது பக்கம் காலை வைத்தாள். தெரிந்தவள் நடக்கிறாள் என்று எண்ணித் தூபா பின்னாலேயே போனாள்.

அடுத்த பிரிவிலும் இதே கதை. அதற்கடுத்த பிரிவில் பாதையே இல்லை, ஆடுகள் போன தடம்தான் இருந்தது. கூட்டத்தின் சத்தம் எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வழி சரிதானா என்று ஃபரங்கீஸுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் ஹமதான்காரி இவ்வளவு நிம்மதியாக நடக்கும்போது கேட்டால் நன்றாகவா இருக்கும்? ரொம்ப அழகான வழி என்று மட்டும் சொன்னாள். தூபா மூச்சு வாங்கிக்கொண்டே, உங்கள் ரசனையே தனி என்று பாராட்டினாள்.

உண்மையில் அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் ஓடை குறுக்கிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, பாவாடையைத் தூக்கிச் செருகி, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். தண்ணீர் பட்டதும் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு குளிர். அக்கரையில் பாறை இடுக்குகளில் ரிவாஸ் என்கிற புளிப்புத் தண்டுச் செடி காடாக முளைத்திருந்தது. சிவந்த தண்டை ஒடித்துத் தோலுரித்து ஃபரங்கீஸ் வாயில் போட்டாள். கடைத்தெருவில் வாடிப்போன கட்டுகளாக வாங்கித் தின்றிருக்கிறாள். இப்படிப் பறித்த கையோடு, பல் கூசும் புளிப்போடு தின்றதில்லை. இன்னொன்று ஒடித்தாள். முட்டிவலி என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவர்கள் ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர்க் கடையும் இல்லை, தார்ப்பாயும் இல்லை. ஃபோனில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. தூபா பையிலிருந்து பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து விரித்து, வேகவைத்த முட்டை, பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாவற்றையும் வைத்தாள். எல்லாம் தீர்ந்து கடைசியாக ஒரே ஒரு கொமாஜ் மிஞ்சியது. ஹமதானின் இனிப்பு ரொட்டி, வட்டமாக, தடிமனாக, மேலே மஞ்சளாக மினுங்கிக்கொண்டு.

நீங்கள் சாப்பிடுங்கள் என்று தூபா நீட்டினாள். ஃபரங்கீஸ் அவள் கையிலேயே திருப்பி வைத்தாள். உங்களுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்று மறுபடி வந்தது. என் தலைமேல் ஆணை என்று மறுபடி போனது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கைமாறும்போது கொமாஜ் நழுவியது. விரிப்பில் விழுந்து, செங்குத்தாக நின்று, ஒரு நொடி யோசித்து, சரிவில் உருள ஆரம்பித்தது. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது குதித்துக் குதித்துப் போய் ஒரு முள்புதருக்குள் மறைந்தது.

"எனக்கு இன்னும் பசிக்குது" என்றாள் தூபா, கீழே பார்த்துக்கொண்டே.

ஃபரங்கீஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை மாத ஃபோன் பேச்சில் அந்த வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

"எனக்கும்தான்" என்றாள்.

 பிறகு தூபா மெதுவாக, "இன்னும் எவ்வளவு தூரம் கடைக்கு?" என்று கேட்டாள்.

"அதை நீங்கதானே சொல்லணும்?"

"நான் எப்படிச் சொல்றது? உங்க ஊரு, உங்க மலை."

"நான் இந்த மலையில இன்னிக்குத்தான் கால் வெச்சிருக்கேன். நீங்கதானே இடது பக்கம் பாத்தீங்க?"

"அங்க ஒரு நீலக் குருவி உக்காந்திருந்துச்சு. அதைப் பாத்தேன்."

ஃபரங்கீஸ் பூகோள டீச்சர் என்ற முறையில் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. அல்வந்து மலையில் ஏறியதே இல்லையா என்று கேட்டாள். அடிவாரத்துச் சூப்புக் கடை வரைக்கும் போயிருக்கிறேன், காரில் என்று தூபா ஒத்துக்கொண்டாள். இரண்டு பேரும் விரிப்பில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

சிரித்து முடித்த அந்தக் களைப்பில்தான், கண்ணாடி முன் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோன நேரத்தில், வார்த்தை தானாக வந்தது.

"ஆவீஷனை ஹமதானுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. நான் சொன்னதெல்லாம் பொய்."

சொன்ன பிறகுதான் ஃபரங்கீஸுக்கு உறைத்தது. போச்சு, கல்யாணம் இந்த மேட்டிலேயே முறிந்தது என்று நினைத்தாள். தூபா எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினால் வேறு எதுவோ இருந்தது.

"என் வீட்டுக்கு அவங்க வர எனக்கு மட்டும் இஷ்டமா?" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமியார், மாமனார், நாத்தனார், கணவர், பிள்ளைகள் என்று அவள் வீட்டில் அடுப்பு அணைந்ததில்லையாம். ஒவ்வொருவராகப் போனார்கள், கணவரும் போய்விட்டார். அழுதேன், நிஜமாகவே அழுதேன் என்றாள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டு, அதுதான் ராத்திரிச் சாப்பாடு என்று முடிவு செய்தாளாம். யாரும் கேட்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா, இன்னிக்கு என்ன சமையல்னு கேக்க ஆளில்லாம இருக்கேன். மாடி காலியா இருக்குன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பையன் அதைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுட்டான். நீங்களாவது வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தா, கொடுத்துவெச்சவள்னு பாடறீங்க."

ஆக யாருக்கும் வேண்டாத ஒரு ஹமதானுக்கு எல்லோருமாகச் சேர்ந்து மரியாதையாக நடந்துகொண்டிருந்தார்கள், இந்தப் பாதையில் நடந்த மாதிரியே. ஃபரங்கீஸுக்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பெண் போக மாட்டாள்! யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. உடனே இறங்கிப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

எழுந்து மேட்டின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே, வெகு கீழே, பெரிய பாதையில் ஆட்கள் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே நீலத் தார்ப்பாய். நடுவில் அகலமான ஒரு மலை மடிப்பு முழுக்கப் போன குளிர்காலத்துப் பனி கெட்டிப்பட்டு, சாய்வாக இறங்கி, கடைசியில் புல்தரையில் போய்ப் படுத்திருந்தது. வந்த வழியே திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். பாறை கீறை ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவள் நன்றாகப் பார்த்தாள். இல்லை. திரும்பித் தூபாவின் விரிப்பைப் பார்த்தாள்.

தூபாவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்தது. அது எங்கள் வீட்டில் விருந்துக்கு விரிக்கிற விரிப்பு என்று ஆரம்பித்தாள். அப்புறம் அவளே கத்தியை எடுத்து நடுவில் கிழித்து, பாதியை நீட்டினாள்.

"நீங்க முன்னாடி..." என்று தூபா வாயெடுத்தாள்.

"ஆமா, நான்தான் முன்னாடி" என்று சொல்லி ஃபரங்கீஸ் விரிப்பைப் பனியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, தள்ளிவிட்டுக்கொண்டாள்.

அந்த வயதில் அப்படி ஒரு சத்தம் தன் தொண்டையிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. காற்று தலைத்துணியைப் பறித்துக் கழுத்தில் போட்டது. பனித்தூள் முகத்தில் அடித்தது. மலை, வானம், நீலத் தார்ப்பாய் எல்லாம் ஒரே கலவையாக மேலே வந்தன. பயமாக இருந்தது, அந்தப் பயமே சுகமாக இருந்தது. புல்லில் போய் மெதுவாக நின்றபோது முதலில் தோன்றியது இன்னொரு தடவை என்பதுதான். பின்னாலேயே தூபா சுற்றிச் சுற்றி, தலைகீழாக வராத குறையாக வந்து அவள் முதுகில் மோதினாள். கீழே பாதையில் போன சில பேர் கைதட்டினார்கள்.

தேநீர்க் கடையில் ஆவீஷனும் கம்யாரும் முகம் வாடி நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாக்களைத் தேடி இரண்டு தடவை பாலம் வரை போய்வந்தார்களாம். நனைந்த பாவாடையும் முள் கீறிய கையுமாக இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவதைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பளம் விரித்த மரக்கட்டிலில் ஏறி உட்கார்ந்த ஃபரங்கீஸ், தேநீர் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நடந்ததை எல்லாம் கொட்டினாள். இவருக்கும் இஷ்டமில்லை, எனக்கும் இஷ்டமில்லை, எல்லாம் வெறும் தாரூஃப், நீங்கள் யாருக்காகவும் ஹமதானுக்குப் போக வேண்டாம் என்றாள்.

கம்யார் ஆவீஷனைப் பார்த்தான். ஆவீஷன் தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள்.

"அம்மா, நான் மரியாதைக்குச் சொல்லலை" என்றாள். "எனக்கு நிஜமாவே அங்க போகணும். அந்த ஊரு பிடிச்சிருக்கு. அல்வந்துல ஏறணும், வழிகாட்டி வேலைக்குக் கேட்டிருக்கேன். நீ சந்தோஷம் சந்தோஷம்னு சொன்னப்பெல்லாம் நான் நம்பிட்டேன்."

வரப்போகிற தேநீருக்கென்று ஃபரங்கீஸ் எடுத்த சர்க்கரைக் கட்டி கையிலேயே நின்றது. மேட்டில் கிடைத்த சந்தோஷம் எல்லாம் அந்தக் கொமாஜ் மாதிரி உருண்டு போயிற்று. நாக்கு நுனியில் பழைய பாட்டு தயாராக இருந்தது. கண்ணே, உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம், எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷம் சொன்னதுதான், இன்னொரு தடவை சொல்வதில் கஷ்டமே இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழலாம். தூபா எதிரே இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பிடிக்கலை" என்றாள் ஃபரங்கீஸ். குரல் உடைந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "கொஞ்சம்கூடப் பிடிக்கலை. நீ போற அன்னிக்கு நான் அழுவேன், அடுத்த நாளும் அழுவேன். ஆனா போ. தேதியை இனிமே தள்ள மாட்டேன்."

ஆவீஷன் எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். கம்யார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓடையைப் பார்த்தான்.

"போகட்டும் சம்பந்தி, ஆனா என் மாடிக்கு வேண்டாம்" என்றாள் தூபா. "தெரு முனையில வாடகைக்கு வீடு இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பிட வரட்டும்."

கம்யார் தன் அம்மாவை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். கடைப்பையன் முட்டைப் பொரியலைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தான். கடைசி வாய் மிஞ்சியபோது தூபா சட்டியைச் சம்பந்தி பக்கம் தள்ளினாள். ஃபரங்கீஸ் ஒரு வார்த்தை மறுக்காமல் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டாள்.

இறங்கும்போது ஆவீஷன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாதை பிரிகிற இடத்துக்கு வந்ததும் ஃபரங்கீஸ் நின்றாள். ஒல்லியான அந்தத் தடம் பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. யாரோ ஏறி வந்த பெரியவர் அவளைப் பார்த்து, களைப்பு இல்லாமல் இருங்கள் என்றார். நீங்களும் என்று அவள் பதில் வாழ்த்துச் சொன்னாள்.

"நான் போனப்புறம் வெள்ளிக்கிழமையெல்லாம் தனியா என்னம்மா பண்ணுவே?" என்று ஆவீஷன் கேட்டாள்.

ஃபரங்கீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாதையைக் கையால் காட்டினாள்.

"நாங்க பாதியிலயே இறங்கிட்டோம். இது எங்க போய் முடியுதுன்னு இன்னும் பாக்கலை."